ஓராண்டு காத்திருக்க வேண்டுமா? குழந்தையின்மை மருத்துவரை எப்போது பார்ப்பது?

கேள்வி
காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 33 வயது, என் கணவருக்கு 37. எங்களுக்குத் திருமணமாகிப் பதினாறு மாதங்கள் ஆகின்றன. திருமணமான ஆறாவது வாரமே அவர் பணி நிமித்தமாகப் புனே சென்றுவிட்டதால், மாதத்திற்கு ஒருமுறை சனி, ஞாயிறு மட்டும் கும்பகோணம் வந்து போவார். சென்ற தை மாதத்திலிருந்துதான் ஒரே வீட்டில் வாழ்கிறோம். அப்படிப் பார்த்தால் நாங்கள் சேர்ந்து வாழ்ந்தது எட்டு மாதங்களே. உறவினர்கள் எண்ணுவதோ பதினாறு மாதங்களை. எந்தத் திருமண வீட்டுக்குச் சென்றாலும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வியைக் கடக்காமல் பந்திக்குச் செல்ல முடிவதில்லை.

எனக்குப் பூப்பெய்திய காலத்திலிருந்தே மாதவிலக்கு சீராக வந்ததில்லை. நாற்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று தள்ளித் தள்ளி வரும்; ஓரிரு முறை இரண்டு மாதங்கள்கூட வராமல் இருந்ததுண்டு. "உன் பெரியம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது, அவள் நான்கு பிள்ளை பெறவில்லையா?" என்று அம்மா சொல்வதால் இதுவரை நான் அதைப் பெரிதாக எண்ணியதில்லை. மாமியார் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியிலிருந்து நெய்ப் பிரசாதம் வாங்கித் தந்திருக்கிறார். நம்பிக்கையோடு உண்டு வருகிறேன். அருகிலுள்ள மருத்துவரிடம் கேட்டபோது, என் மாதவிலக்கைப் பற்றி எதுவும் விசாரிக்காமலேயே "ஓராண்டு முடியட்டும், பிறகு வாருங்கள்" என்றார். உடன் பணிபுரியும் தோழியோ, ஒரு நாளும் தாமதிக்காமல் நேராகக் கருத்தரிப்பு மையத்திற்குச் செல் என்கிறாள்.

ஓராண்டு என்பதை எந்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும்? என்னைப் போன்றவர்களுக்கும் அந்தக் கணக்குப் பொருந்துமா? முதலில் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதா, குழந்தையின்மை நிபுணரைப் பார்ப்பதா? இன்னொன்றையும் தயக்கத்தோடு கேட்கிறேன். என் கணவர் அன்பானவர்தான், ஆனால் பரிசோதனை என்றால் "எனக்கு என்ன குறை இருக்கிறது?" என்று எழுந்து போய்விடுகிறார். அவரிடம் இதை எப்படிப் பேசுவது?


பதில் 1
பொன்னி எழுதியது:

அன்பு மகளுக்கு, நான் ஓர் அரசு மருத்துவமனையின் மகளிர் நலப் புறநோயாளிகள் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். மருந்து எழுதும் தகுதி எனக்கில்லை. ஆனால் எந்த நாளில் வந்திருக்க வேண்டியவர்கள் எந்த நாளில் வந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகள் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஓராண்டுக் கணக்கு எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். கருத்தடை எதுவும் இன்றி, வாரத்தில் இரண்டு மூன்று முறையாவது சேர்ந்து வாழும் தம்பதிகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் முதல் ஆண்டிலேயே கருத்தரித்துவிடுகிறார்கள்; எஞ்சியோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டாம் ஆண்டில் கருத்தரிக்கிறார்கள். ஆகவே நலமாக உள்ள இளம் தம்பதியை மூன்றாம் மாதமே பரிசோதனைக்கு உட்படுத்துவது தேவையற்ற செலவும் அச்சமுமாகவே முடியும். அதைத் தவிர்ப்பதற்காகத்தான் 35 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்குப் பன்னிரண்டு மாதங்கள் என்றும், 35 வயதைக் கடந்தவருக்கு ஆறு மாதங்கள் என்றும், 40 வயதைக் கடந்தவர் குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்த உடனேயே மருத்துவரைப் பார்த்துவிடலாம் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். இந்த மாதங்களைத் திருமணத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. தடையின்றிச் சேர்ந்து வாழத் தொடங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த வகையில் உன் எட்டு மாதக் கணக்கே சரியானது, உறவினரின் கணக்கு தவறு.

ஆனால், மகளே, இந்தக் கணக்கு முழுவதும் மாதவிலக்கு சீராக வரும் பெண்ணுக்காகப் போடப்பட்டது. 21 நாள்களுக்குக் குறைவாகவோ 35 நாள்களுக்கு மேலாகவோ இடைவெளி விட்டு வருபவருக்கு அது பொருந்தாது. உனக்கு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை விலக்கு வருகிறது என்றால், ஒவ்வொரு முறையும் கருமுட்டை வெளிவருவதாகவே வைத்துக்கொண்டாலும், மற்றவருக்கு ஆண்டில் பன்னிரண்டு பதின்மூன்று முறை கிடைக்கும் வாய்ப்பு உனக்கு எட்டு முறைதான் கிடைக்கிறது. விலக்கு இவ்வாறு தள்ளிப்போகும் பலருக்குப் பல மாதங்களில் முட்டையே வெளிவருவதில்லை. ஆகையால் உனக்குக் காத்திருக்க வேண்டிய காலம் என்று ஒன்றில்லை. உன்னிடம் விலக்கைப் பற்றிக் கேட்காமல் திருப்பி அனுப்பிய மருத்துவரிடம் இரண்டு நிமிடம் அதிகமாகப் பேசும் வாய்ப்பு உனக்குக் கிடைத்திருந்தால், அவரே வேறு மாதிரி சொல்லியிருப்பார் என்று நம்புகிறேன். நம் மருத்துவமனைக் கூட்டத்தில் அந்த இரண்டு நிமிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், முதல் வாக்கியத்திலேயே "எனக்கு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும்" என்று சொல்லிவிடு.

பெரியம்மா நான்கு பிள்ளை பெற்றதும் உண்மையாகவே இருக்கலாம். அவர் எந்த வயதில் தொடங்கினார் என்பதையும் அம்மாவிடம் கேட்டுப் பார். இருபது வயதில் ஒரு பெண்ணுக்குக் கையில் இருந்த கால அவகாசம் 33 வயதில் இருப்பதில்லை. பெண் குழந்தை பிறக்கும்போதே அவளுக்குரிய கருமுட்டைகள் அனைத்தும் சினைப்பையில் இருக்கின்றன, புதிதாக உண்டாவதில்லை. வயது ஏற ஏற எண்ணிக்கையும் தரமும் குறைகின்றன, 35க்குப் பிறகு இன்னும் விரைவாக.

உன்னைப் போல் கணக்கை ஒதுக்கிவிட்டு உடனே வர வேண்டிய வேறு சிலரையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிப்பவர்களில் அவர்களும் இருக்கக்கூடும். விலக்கின்போது படுக்கையை விட்டு எழ முடியாத வலி உடையவர்கள், உறவின்போது ஆழமான வலி உடையவர்கள், அடிவயிற்றில் கிருமித்தொற்று வந்தவர்கள், குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருக்குழாயில் கரு தங்கிய வரலாறு உடையவர்கள், இரண்டு முறை கரு கலைந்தவர்கள், தாய்க்கோ அக்காவுக்கோ நாற்பது வயதுக்குள் விலக்கு நின்றுபோன குடும்பத்தினர், புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள். காசநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் கருக்குழாய் அடைபடுவதற்கு அது ஒரு முக்கியமான காரணம். இருமலோ காய்ச்சலோ இல்லாமல், எந்த அடையாளமும் காட்டாமல் கருப்பையிலும் குழாயிலும் தங்கிவிடும். பள்ளிப் பருவத்தில் காசநோய்க்கு மருந்து உண்டிருந்தால், பழைய கதை என்று மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆண்களில், சிறு வயதில் விதை இறங்காமல் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டவர்கள், பருவம் எய்திய பின் பொன்னுக்குவீங்கி வந்து விதை வீங்கியவர்கள், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோரும் காத்திருக்கக் கூடாது.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றும் உண்டு. திருமணமாகி இரண்டு, மூன்று ஆண்டுகளாகியும் தாம்பத்திய உறவே முழுமையாக நிகழாத தம்பதிகள் எங்கள் பிரிவுக்கு நாம் நினைப்பதைவிட அதிகமாக வருவார்கள். வலியாலும் அச்சத்தாலும் பெண்ணின் உடல் இறுகிப்போவது, ஆணுக்கு விறைப்பு நீடிக்காமல் போவது ஆகிய இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது. அவர்கள் எண்ணிக் காத்திருக்க ஒரு மாதமும் இல்லை.

முதலில் யாரிடம் செல்வது என்றால், உன் நிலையில் ஒரு நல்ல மகப்பேறு மருத்துவரே போதும். விலக்கின் இரண்டாம், மூன்றாம் நாளில் சில இரத்தப் பரிசோதனைகள், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, ஒரு ஸ்கேன் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். முட்டை வெளிவருகிறதா என்று அறிய 21ஆம் நாளில் புரோஜெஸ்டிரோன் அளவு பார்ப்பது வழக்கம். ஆனால் அந்த 21ஆம் நாள் 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு உரியது. முட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்கு ஏறத்தாழப் பதினான்கு நாள்களுக்கு முன்பு என்பதால், உனக்கு அது முப்பதாம் நாளையொட்டி நிகழலாம். கைப்பேசிச் செயலி பதினான்காம் நாளைக் குறித்துக் காட்டுவதை நம்பி அந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்திருந்தால், எட்டு மாதமும் வீணாகியிருக்கும். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்கள் வரைகூட உயிரோடு இருக்கும். முட்டை ஒரு நாள்தான். நாள் பார்க்காமல் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருப்பதே உனக்கு ஏற்றது.

பிசிஓஎஸ், அதாவது முட்டை வெளிவராமல் விலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் கோளாறு, என்று தெரியவந்தால் அஞ்சாதே. உடல் எடை கூடுதலாக இருந்தால், அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்கு விலக்கு சீராகிவிடுகிறது. முட்டை வெளிவர லெட்ரோசோல் மாத்திரை தருவார்கள். அதைத் தொடங்குமுன் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும், தொடங்கிய பின் ஸ்கேன் வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் நீயாக வாங்கி உண்ணக் கூடாது. ஆறு சுழற்சிகள் வரை முட்டை நன்றாக வெளிவந்தும் கரு தங்கவில்லை, அல்லது குழாய் அடைபட்டிருக்கிறது, அல்லது விந்தணு மிகக் குறைவு என்ற நிலையில்தான் குழந்தையின்மை நிபுணரிடம் செல்ல வேண்டியிருக்கும்.

நெய்ப் பிரசாதத்தை நிறுத்த வேண்டியதில்லை. எங்கள் பிரிவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் திருக்கருகாவூர் சென்று வந்தவர்கள்தாம். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் ஒரே பேருந்தில் போய் வரலாம்.


பதில் 2
நொய்யல் எழுதியது:

சகோதரி, கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல விரும்புகிறேன். உங்கள் கணவரிடம் இதைக் காட்டினால் நல்லது.

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாற்போல" என்ற பழமொழியில் வரும் அரசன் அரச மரம்தான் என்று என் தாத்தா விளக்குவார். எங்கள் வீட்டில் அது அப்படியே நடந்தது. இரண்டு ஆண்டுகள் என் மனைவி மரத்தையும் சுற்றினாள், மருத்துவமனையையும் சுற்றினாள். எங்கள் ஊர் அருகே ஒரு தனியார் மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரையும் ஸ்கேனும் நடந்தன. குழாயில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பரிசோதனையும் செய்தார்கள். அன்று வலி தாங்காமல் அவள் அழுதபோது நான் வெளியே அமர்ந்து அலுவலக மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் என் பரிசோதனையைக் கேட்கவில்லை, நானும் முன்வரவில்லை. நான் நல்ல உடற்கட்டு உடையவன், எனக்கு என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம்.

வேறு மருத்துவரிடம் மாறிய முதல் நாளே அவர், "உங்கள் விந்துப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகுதான் உங்கள் மனைவியைப் பரிசோதிப்பேன்" என்று சொல்லிவிட்டார். முடிவில் விந்தணு ஒன்றுகூட இல்லை. என்ன மருந்து உண்டீர்கள் என்று அவர் துருவித் துருவிக் கேட்டபோதுதான், உடற்பயிற்சிக் கூடத்தில் தசை வளர ஓராண்டுக்கு மேலாகப் போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டிரோன் ஊசியைப் பற்றிச் சொன்னேன். அந்த ஹார்மோன் வெளியிலிருந்து வந்தால், மூளை விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அடியோடு அடங்கிவிடும். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போட்ட ஊசி செய்த வேலை அதுதான். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தி, ஒன்பது மாதங்கள் கழித்து எண்ணிக்கை ஓரளவு மீண்டது. பதினான்காம் மாதம் என் மனைவி கருவுற்றாள். எல்லோருக்கும் இப்படி மீண்டுவிடும் என்று சொல்ல முடியாது என்றும் அந்த மருத்துவர் எச்சரித்திருந்தார்.

உங்கள் கணவரிடம் இதைக் கூறுங்கள். குழந்தையின்மைக்காக மருத்துவரை நாடும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆணின் தரப்பிலும் ஏதேனும் ஒரு காரணம் இருக்கிறது. பெண்ணுக்கு ஊசி, ஸ்கேன், எக்ஸ்ரே என்று எத்தனையோ உண்டு. ஆணுக்கு ஒரு சிறு குப்பியில் மாதிரி கொடுத்தால் போதும், வலி என்பதே இல்லை. இரண்டு முதல் ஏழு நாள்கள் வரை உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால், சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்திற்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். முதல் சில துளிகளில்தான் விந்தணு மிகுதியாக இருக்கும் என்பதால், ஒரு பகுதி கீழே சிந்திவிட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ் எல்லை. முடிவு குறைவாக வந்தாலும் ஒரே பரிசோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. விந்தணு உருவாக ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆவதால், இரண்டு மாதம் முன்பு வந்த கடுங்காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.

குறை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு நான் அஞ்சியதன் விலையை என் மனைவியின் உடல் கொடுத்தது. இன்று எங்கள் மகளுக்கு மூன்று வயதாகிறது. ஆனாலும் அந்த எக்ஸ்ரே அறையின் வாசலை என்னால் மறக்க முடியவில்லை.


பதில் 3
வைகைத்துளி எழுதியது:

எனக்கு 42 வயது. என் அனுபவம் வேறு மாதிரியானது என்பதால் எழுதுகிறேன்.

எனக்குத் திருமணம் நடந்தபோது 37 வயது. விலக்கு கடிகாரம் போல 28 நாளுக்கு ஒருமுறை வரும். ஆகவே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து, எங்கோ படித்த ஓராண்டுக் கணக்கை முழுமையாகக் காத்திருந்தேன். எனக்கு உரியது ஆறு மாதம் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு நானாகவே ஆய்வகம் சென்று ஏஎம்ஹெச் என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். குறைவு என்று வந்ததும் உலகமே இருண்டது. அந்த எண் சினைப்பையில் மீதமுள்ள முட்டைகளின் எண்ணிக்கையைப் பற்றிய ஒரு குறிப்பு மட்டுமே என்பதும், முட்டைகள் வளர ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று மதிப்பிட அது உதவுமே தவிர, இயற்கையாகக் கருத்தரிக்க முடியுமா என்பதை அது சொல்லாது என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. தங்கை, மருத்துவர் கேட்காமல் அதைச் செய்துகொள்ளாதீர்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது கூடுதலாகவே வரும். அதைக் கண்டு மகிழவும் இடமில்லை.

ஒரு மையத்தில் முதல் நாளே, எந்தப் பரிசோதனையும் தொடங்குமுன், தவணையில் செலுத்தலாம் என்று ஐவிஎஃப் (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் முறை) கட்டணப் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். அங்கிருந்து எழுந்து வந்துவிட்டோம். பிறகு சென்ற இடத்தில் இரண்டு முறை ஐவிஎஃப் செய்தோம், இரண்டும் பலிக்கவில்லை. இரண்டாவது மருத்துவர் மீது எனக்கு வருத்தம் இல்லை, ஏனென்றால் முட்டையின் வயதை ஐவிஎஃப் குறைத்துவிடாது என்பதை அவர் முதலிலேயே எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அந்த உரையாடல் ஒன்றரை ஆண்டு முன்னதாக நடந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். 35ஐக் கடந்து இதைப் படிக்கும் பெண்கள், விலக்கு சீராக இருக்கிறது என்பதை ஆறு மாதத்தைத் தாண்டிக் காத்திருக்கக் காரணமாகக் கொள்ள வேண்டாம்.

நிபுணரிடம் செல்ல நேர்ந்தால், அந்த மையம் பதிவு பெற்றதா என்று பாருங்கள். உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பம் குறித்த 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐயூஐ (விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் முறை), ஐவிஎஃப் செய்யும் ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 என்று வயது வரம்பும் உண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. உங்கள் வயதில், உங்கள் காரணத்திற்கு, எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று கேளுங்கள். எத்தனை பேருக்குக் கரு தங்கியது என்ற எண்ணை மட்டும் சொன்னால் மீண்டும் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.


காவிரிக்கரை மீண்டும் எழுதியது:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வைகைத்துளி அக்கா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தேன். அதை எழுத எவ்வளவு மனவலிமை வேண்டியிருந்திருக்கும் என்பது புரிகிறது.

நொய்யல் அண்ணனின் பதிலை நேற்றிரவு அவரிடம் கைப்பேசியோடு கொடுத்துவிட்டு நான் மாடிக்குச் சென்றுவிட்டேன். திரும்பி வந்தபோது, "சனிக்கிழமை அந்த ஆய்வகம் திறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

பொன்னி அம்மா, இன்னும் ஒன்று கேட்க வேண்டும். விலக்கின் இரண்டாம் நாள் பரிசோதனை என்றீர்கள். எனக்கு எப்போது வரும் என்றே தெரியாதே. இன்று 47ஆம் நாள். வந்த பிறகுதான் மருத்துவரைப் பார்க்க வேண்டுமா? மாத்திரை போட்டு வரவழைத்துவிட்டுச் செல்லலாம் என்கிறாள் தோழி.


பொன்னி எழுதியது:

விலக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், மகளே; எந்த நாளிலும் செல்லலாம். இரத்தப் பரிசோதனைக்கு உரிய நாளை அவர்களே குறித்துத் தருவார்கள். கடந்த ஆறு மாதங்களில் விலக்கு வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. பழைய ஸ்கேன், தைராய்டுச் சீட்டுகள், இருவரும் உண்ணும் மருந்துகளின் அட்டைகள் ஆகியவற்றையும் எடுத்துச் செல். நாட்டு மருந்தோ பொடியோ உண்டால் அதையும் மறைக்காதே. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இப்போதிருந்தே வேண்டும். உனக்கு அந்த அளவு போதுமா என்று கேட்டுக்கொள். ருபெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்று கேட்பார்கள்; போடாவிட்டால் போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள்.

தோழி சொல்லும் மாத்திரையை மட்டும் நீயாகப் போடாதே. 47 நாள் ஆகிவிட்டது என்கிறாய். விலக்கு எப்போதும் தள்ளிப்போகும் பெண்கள்தாம், இதுவும் வழக்கமான தாமதம் என்று நினைத்து, கருவுற்றிருப்பதே தெரியாமல் வரவழைக்கும் மாத்திரையை விழுங்கிவிடுகிறார்கள். அப்படி வந்து நின்ற பலரை நான் பார்த்திருக்கிறேன். நாளைக் காலை முதல் சிறுநீரில் பரிசோதனை அட்டையைப் பார். ஒற்றைக் கோடு வந்தால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பார். எந்தக் கோடு வந்தாலும் இந்த வாரத்திற்குள் மருத்துவரிடம் போய்விடு, அவரையும் அழைத்துக்கொண்டு.